பீலித் தண்ணீர் வழக்கு

காணி, வழி, தண்ணீர் என்று எதைப் பற்றிய தகராறானாலும், கைகலப்பில் முடியும் என்று பொலிஸார் கருதினால் 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம், 66ஆம் பிரிவின் கீழ் நீதவானுக்கு அறிக்கை வைப்பார்கள். வத்தேகமவிலிருந்து பன்வில பக்கமாக ஏறும் மலையில் உள்ள ஒரு தோட்டத்தின் லயத்து மக்களுக்காக நான் ஆஜரான வழக்கும் அப்படி வந்ததுதான்.

ஊற்று ஒன்று, அதற்கு உரிமை கேட்டவர்கள் இரு தரப்பு. லயத்தார் தலைமுறை தலைமுறையாக அந்த ஊற்றிலிருந்து விழும் பீலியில்தான் குடம் வைத்தார்கள். கீழ்க்கிராமத்து நீர்ச் சங்கம் ஊற்றுக்கண்ணில் தொட்டி கட்டிக் குழாய் இறக்கியிருந்தது. மழை பொய்த்த மாசி மாதத்தில் பீலி நூலாய் மெலிந்தது. யாரோ இரவில் குழாயை வெட்டினார்கள். விடிந்ததும் இரு பக்கமும் ஆட்கள் திரண்டுவிட்டார்கள்.

“முன்ன கொடத்த வச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள நெறஞ்சி வழியும் ஐயா. இப்ப ரேடியோவுல ஒரு பாட்டு முடியணும்” என்றார் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர்.

“எப்போதிருந்து அம்மா?”

“அவங்க கொழா போட்டதுலருந்துதான்.”

அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ‘மழை இல்லை, அதனால் குறைந்தது’ என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் அதைத் தள்ளிவிடும். மறுத்துச் சொல்ல எங்களிடம் அளவு எதுவும் இல்லை.

அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கின் தீர்ப்பு. ரவீந்திர குணவர்தன காரியவசம் தொடுத்த அடிப்படை உரிமை மனுவில் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கியது. எழுதியவர் நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்காக அதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். என்னை ஈர்த்தது அதற்குக் கீழே கிடந்த உழைப்பு. சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றி 150 கிணறுகளின் நீரை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்திருந்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் குடிநீருக்கான தரத்தை மீறியிருந்தன. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறுவிதமாகச் சொன்னது. ஒரே மண்ணைப் பற்றி இரண்டு அறிக்கைகள். நடுவில் எதைக் குடிப்பது என்று தெரியாமல் ஒரு ஊர். கடைசியில் நிலத்தடி நீர் மாசுபட்டிருப்பதாகவே நீதிமன்றம் முடிவுசெய்து, அந்த மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. கிணறு கிணறாகப் போய்ப் போத்தலில் நீர் பிடித்த அந்த ஊழியர்கள் இல்லாவிட்டால் அந்த வழக்கு எதில் நின்றிருக்கும்?

எங்கள் மலையிலும் அளவுகள் இருந்தன, மூன்று இடங்களில் பிரிந்து கிடந்தன. தோட்டத்து ஒபீசில் மழைமானி உண்டு. காலையில் அதைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது தோட்டங்களின் பழைய வழக்கம். நீர்ச் சங்கத்திடம் வீட்டு மீற்றர் பதிவேடு இருந்தது. தொட்டி கட்டியபோது ஊற்றை அளந்த கணக்கு ஓர் அரச அலுவலகக் கோப்பில் இருந்தது. அந்தக் கோப்புக்குத் தகவலறியும் உரிமைச் சட்டம் கைகொடுத்தது. மழைப் புத்தகத்தைத் தோட்டத்திடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மீற்றர் பதிவேட்டைச் சங்கம் தர மறுத்தது. தங்களுக்கு எதிராகவே அதைப் பாவிப்பேன் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

விசாரணைக்கு முன் இரு தரப்பையும் இணங்க வைக்க முயலும் கடமை 66ஆம் பிரிவிலேயே நீதவானுக்கு உண்டு. அவர் அதை மனதார எடுத்துக்கொண்டார். புத்தகங்களைத் திறந்த மன்றில் ஒன்றாக வைக்கவும், ஊற்றைச் சேர்ந்தே அளக்கவும் சொன்னார்.

அளந்த காலையில் நானும் போயிருந்தேன். லயத்துப் பையன் பீலிக்கடியில் வாளியைப் பிடித்தான். சங்கத்துச் செயலாளர் தன் போனில் விநாடி பார்த்தார். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள், ஒருவர் கணக்கை மற்றவர் நம்ப வேண்டுமே. தொட்டியிலும் அப்படியே. மழைப் புத்தகத்தோடு பொருத்தியபோது மழையும் குறைந்திருந்தது, குழாயும் இழுத்திருந்தது. இரு தரப்பும் சொன்னதில் பாதி சரி. தொட்டிக்குப் போன நீருக்கும் வீட்டு மீற்றர்களின் கூட்டுத்தொகைக்கும் இடையில்தான் பெரிய ஓட்டை. இரவில் யாரும் பாவிக்காத நேரத்தில், குழாய் போய்ச் சேரும் கீழ்த் தொட்டி நிரம்பி ஓடைக்கு வழிந்துகொண்டிருந்தது. அது யாருடைய களவுமில்லை. மிதவை வால்வு ஒன்று போட்டால் தீர்கிற விஷயத்துக்காக அயலார் கத்தி தூக்கும் அளவுக்குப் போயிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

வால்வைச் சங்கம் போடுவது, வறட்சியில் இரவு நேரத்து நீர் முழுவதையும் பீலிக்கு விடுவது, வாராவாரம் இரு தரப்பும் சேர்ந்து அளப்பது என்று இணக்கம் எழுதினோம். அளவுகளைப் பீலியடியிலும் சங்கக் கட்டடத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனையை நான் கேட்டேன். மாதாமாதம் ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும் என்று நீதவான் தாமாகவே சேர்த்து ஒப்பமிட்டார்.