எல்லை காக்கும் மீன்கள்

மீன் வளர்ப்போரிடையே ஆப்பிரிக்க சிக்லிட்டுகளுக்கு நல்ல பெயர் இல்லை. நிறத்தைக் கண்டு மயங்கி வாங்கினால் ஒன்றையொன்று துரத்தி, செதிலைப் பிய்த்து, கடைசியில் ஒன்றுதான் தொட்டியில் மிஞ்சும் என்று கடைக்காரர்களே எச்சரிப்பதுண்டு. அந்த அபவாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அவற்றோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில், அக்கலகத்துக்கெல்லாம் மூலம் துஷ்ட சுபாவமன்று, ஜீவனத்துக்கும் சந்ததிக்கும் இன்றியமையாததொரு நிலவுரிமையே என்பது என் திடமான அபிப்பிராயம். அவ்வுரிமைக்கு இடம் வைத்துத் தொட்டியை அமைத்துவிட்டால், அவற்றைப்போல் கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்தாகும் மீன்கள் அரிது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி, தான்சானியா, மொசாம்பிக் ஆகிய மூன்று தேசங்களும் கரையாகச் சூழ, 550 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமும் ஏறக்குறைய 700 மீட்டர் ஆழமும் கொண்டு விரிந்து கிடக்கும் மலாவி ஏரியே இவற்றுள் நான் இங்கே பேசும் இனங்களின் ஜன்மபூமி. அதன் கரையோரப் பாறைகளின்மேல், வெயில் எட்டும் ஆழம் வரையில், பாசி மெத்தென்று படர்ந்திருக்கிறது. ம்புனா என்று அவ்விடத்தார் வழங்கும் பாறைவாழ் சிக்லிட்டுகள் அப்பாசியைச் சுரண்டித் தின்றே பிழைக்கின்றன. ஓர் ஆண் மீன் ஒரு பாறை இடுக்கைத் தனதாக்கிக்கொண்டு, மேய வரும் அந்நியரை இடைவிடாது விரட்டுவதால், சில இனங்களின் எல்லைக்குள் பாசி வெளியிலுள்ளதைவிடச் செழித்து வளர்வதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். இம்மீன்கள் பாறையை விட்டு மணல்வெளியைக் கடக்கத் துணிவதும் அபூர்வம். ஆகவேதான் இடையே சிறிது மணல் கிடந்தாலும் ஒரு பாறைத்திட்டின் மீன் ஒரு நிறமாகவும், அடுத்த திட்டின் மீன் வேறொரு நிறமாகவும் காலப்போக்கில் பிரிந்துபோயின. அந்த அதிசயத்தைக் காக்கவே ஏரியின் தென்கோடியில் ஒரு பகுதி 1980-இல் தேசியப் பூங்காவாகி, 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது.

இவ்வளவையும் அறிந்தவன் தொட்டி அமைக்கும்போது மீனைப் பற்றி நினைக்குமுன் கல்லைப் பற்றி நினைப்பான். நான்கடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 255 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இதற்குக் குறைந்த இடத்தில் இம்மீன்களை அடைப்பது அவற்றுக்கு இழைக்கும் அநீதி. தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 300 கிலோவுக்குமேல் ஏறிவிடுமாதலால் தாங்கும் மேடை உறுதியாக இருக்கவேண்டும். கற்களை அடித்தளத்தில் அசையாதபடி அடுக்கிய பிறகே மணலைப் பரப்பவேண்டும். இவை வாயால் மணலை அள்ளி அள்ளிக் குழி பறிக்கும் ஜாதி, மணல்மேல் நிறுத்திய கல் என்றேனும் சரிந்து கண்ணாடியை உடைத்துவிடும். இரண்டு கற்குவியல்கள், நடுவே வெற்று மணல், ஒரு குகையிலிருந்து பார்த்தால் மறு குகை தெரியாத மறைப்பு: இதுவே நான் கண்ட உத்தமமான அமைப்பு. எதிரி கண்ணில் படாதிருந்தாலே பாதிக் கோபம் தணிந்துவிடுகிறது.

தண்ணீரைப் பொறுத்தவரை நம் ஊர்களில் பலவற்றுக்கு எதிர்பாராத பாக்கியம் உண்டு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது என்று நாம் சலித்துக்கொள்ளும் சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீர், பி.எச். அளவில் 7.8 முதல் 8.6 வரையில் காரத்தன்மையும், 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரையில் வெப்பமும் வேண்டும் இம்மீன்களுக்குப் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. ஆனால் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா, கார நீரில் அதிக விஷமாகும். அதனை மாற்றிச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நாலைந்து வாரமேனும் ஆகுமாதலால், அவசரப்படுவோருக்கு இங்கே இடமில்லை. பாசி தின்று நீண்ட குடல் வளர்ந்த இவற்றுக்கு ஸ்பைருலினா போன்ற தாவர உணவே ஏற்றது. மாமிச உணவை மிகுதியாகக் கொடுத்தால் வயிறு ஊதி மடிந்துபோகும்.

குடியேற்றத்தில் ஒரு விநோதமான சூத்திரம் உண்டு. நாலைந்து மீன்களை மட்டும் விட்டால் வலியது எளியதைத் தேடித்தேடி வதைக்கும். சற்று நெருக்கமாகவே குடியேற்றினால் ஆத்திரம் பலர்மேல் பகிர்ந்துபோய் எவரையும் கொல்லாது. வடிகட்டியும் வாராந்தர நீர்மாற்றமும் அந்த நெருக்கத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். ஓர் ஆணுக்கு மூன்று பெண்களேனும் வேண்டும். ஒரே சாயலுள்ள இரண்டு இனங்களைச் சேர்க்கலாகாது. பழகாதவர்கள் ஆரட்டஸ் போன்ற மூர்க்கமானவற்றை விலக்கி, சாந்தமான மஞ்சள் லேபிடோக்ரோமிஸிலிருந்து தொடங்குவது நலம். புதிய மீனை விடும் தினத்தில் கற்களை மாற்றி அடுக்கிவிட்டால் பழைய பட்டாக்களெல்லாம் ரத்தாகி, எல்லாரும் புதுக்குடிகளாகிவிடுகின்றனர்.

எல்லைகள் நிலைத்தபின் அண்டைவீட்டு ஆண்கள் இரண்டு மணல்வெளியில் சந்திக்கும் காட்சியைப் பார்க்கவேண்டும். துடுப்புகளை முழுதும் விரித்து, நிறம் கறுத்து, உடல் துடிதுடிக்க, வரப்புக்கு இருபுறமும் நிற்கும் பங்காளிகளைப்போல் இவை பக்கவாட்டில் நிற்கின்றன. ஒன்று ஓரங்குலம் முன்னேறினால் மற்றது ஓரங்குலம் பின்வாங்குகிறது. பிறகு இரண்டும் தத்தம் குகைக்குத் திரும்பிவிடுகின்றன. பல்லுக்கு வேலையே இல்லை. அத்தனை வீராப்பும் எதற்காக என்பது முட்டையிடும் வேளையில் விளங்கும். பெண் முட்டையிட்டவுடன் திரும்பி அதை வாயில் எடுத்துக்கொள்கிறது. ஆணின் அடித்துடுப்பில் முட்டைபோலவே அமைந்த மஞ்சள் புள்ளிகளையும் கொத்தப் போக, அத்தருணத்தில் வாயிலுள்ள முட்டைகள் கருவுறுகின்றன. பிறகு ஏறக்குறைய மூன்று வாரம், தாடை புடைக்க, அநேகமாக ஆகாரமே இல்லாமல், தாய் அவற்றைச் சுமக்கிறது. 1952-இல் இந்தியாவுக்கு வந்து நம் குளங்களில் பரவிய ஜிலேபிக் கெண்டையும் இதே குலத்து ஆப்பிரிக்க மீன்தான். அதுவும் இவ்வாறே வாயில் வைத்துக் குஞ்சுகளைக் காக்கிறது.

சண்டையே கூடாது என்போர் வேறு மீனை நாடுவதே உத்தமம். இவற்றை விரும்புவோர் கோபத்தைத் தண்டிக்க முற்படாமல், கோபத்துக்குக் காரணமானதைக் கல்லாலும் மணலாலும் பகிர்ந்தளிக்கக் கற்கவேண்டும். ஒரு ஜீவனை வீட்டுக்குக் கொண்டுவரும்போது அதன் சுபாவத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறோம். அந்தச் சுபாவத்துக்கு இடம் கொடாமல் அழகை மட்டும் அனுபவிக்க நினைப்பது நியாயமாகாது.