கூலியில் பிடித்த பஞ்சர்

பழைய வீட்டின் இடிபாடுகளை அள்ளிய எங்கள் பாப்கேட் வண்டி ஒரே வாரத்தில் மூன்று முறை பஞ்சரானது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்றெண்ணி, அவருடைய கூலியில் செலவைப் பிடித்தோம். அவர் மறுத்துப் பேசவில்லை.

பஞ்சர் கடைக்காரர்தாம் விளக்கினார். இவ்வண்டியின் சக்கரங்கள் காரின் முன்சக்கரம்போல் ஒடியா. இருபக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல, டயர் தரையில் உரசியே வண்டி திரும்பும். காற்றுக் குறைந்தால் பக்கவாட்டு ரப்பர் பிதுங்கும். கம்பிமுனை எளிதில் கிழிக்கும். தரையில் படும் பகுதியின் சிறு துளையை அடைக்கலாம். பக்கவாட்டுக் கிழிசலுக்குப் புது டயர்தான்.

காற்றளக்கும் கேஜ் வேண்டுமென்று ஓட்டுநர் இருமுறை கேட்டிருந்தார். நாளை, நாளை என்றவர்கள் நாங்களே. அன்று மஃக்ரிப் தொழுதபின், பிடித்த தொகையுடன் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம்.

இப்போது காலையில், டயர் சூடேறுமுன் அவர் காற்றளக்கிறார். கம்பிகளையும் ஆணிகளையும் நாங்கள் பொறுக்குகிறோம்.