வல்கிரி நோற்ற நோன்பு

நம் மகள் ‘மாக்னஸ் சேஸ்’ நாவலைக் கையில் எடுத்தபோது நாம் தயங்கவே செய்தோம். ஓடின், தோர், லோகி என வடபுலத்துப் பழந்தெய்வங்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உலவும் கதை. இளம் உள்ளத்தின் ஈமானுக்கு இடறலாகாதோ? ரிக் ரியார்டன் 2015 முதல் 2017 வரை எழுதிய மூன்று பாகங்களையும் நாமே படித்துப் பார்த்தோம்.

மாண்ட வீரரை வல்ஹல்லா மண்டபத்துக்கு அழைத்துச் செல்லும் ‘வல்கிரி’க் கன்னியருள் ஒருத்தி சமீரா அல் அப்பாஸ், ஈராக்கிய வமிசத்து முஸ்லிம் பெண். முக்காடு அணிகிறாள், தொழுகிறாள், மூன்றாம் பாகத்தில், ஆபத்து நிறைந்த கடற்பயணத்தினிடையே ரமலான் நோன்பும் நோற்கிறாள். அத்தெய்வங்களை ஆற்றல்மிக்க படைப்புகளென்று ஒப்புவாளேயன்றி, வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே என்பதில் அவள் தளரவில்லை.

அவளை லோகியின் மகளாக்கியது நமக்கு உவப்பன்று. ஆயினும், அவளை மணக்கவிருக்கும் இளைஞனின் குடும்பப் பெயர் ஃபத்லான் என்று கண்டதும் புன்னகைத்தோம். 921இல் கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவில் பக்தாதிலிருந்து புறப்பட்டு, வோல்கா நதிக்கரையில் வடபுலத்து வணிகரின் ஈமச்சடங்கை நேரில் கண்டெழுதிய இப்னு ஃபத்லானின் பெயரல்லவா அது!

நூலை மகளிடமே திருப்பிக் கொடுத்தோம். இப்னு ஃபத்லானின் பயணக் குறிப்பையும் தேடித் தருவதாக வாக்களித்திருக்கிறோம்.