சட்டைப்பையிற் கட்டுச்சோறு

நம் கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பழைய மாணவன் ஒருவன் ஆண்டு மலருக்குக் கட்டுரை வரையப் புகுங்கால், தான் பெற்ற வெற்றிகளை எடுத்துரைத்தலே பெரும்பான்மை வழக்கம். யான் ஈண்டு எழுதப் புகுந்ததோ என் பிழையொன்றைப் பற்றி. அதுவும் கட்டைவிரலினுஞ் சிறிய ஒரு கருவியால் விளைந்த பிழை. தொழில் நிமித்தமாக ஊர் ஊராய்ச் செல்லும் வாழ்க்கையை மேற்கொள்ளவிருக்கும் மாணவ நண்பர்கட்கு இஃது ஒருவாறு பயன்படக்கூடும் என்னும் எண்ணமே என்னை எழுதத் தூண்டியது.

வணிகவியலிற் பட்டம் பெற்றபின், கணக்குத் தணிக்கை செய்யும் ஓர் அலுவலகத்தில் உதவியாளனாக அமர்ந்தேன். பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், சிறு ஆலைகள் முதலியவற்றிற்கு நேரிற் சென்று, அவர்தம் ஏடுகளைப் பார்த்து, குறிப்பெடுத்துத் திரும்புதல் எங்கள் பணி. 2009-ஆம் ஆண்டில் எங்கள் அலுவலகத்தில் மடிக்கணினிகள் இரண்டே இருந்தன. அவை மூத்தோர்க்கு உரியன. என் போன்ற இளையோர் சென்ற இடத்திலுள்ள கணினியில் அமர்ந்துதான் வேலை செய்தல் வேண்டும். ஓரிடத்துக் கணினியில் விரிதாள் மென்பொருளே இராது. மற்றோரிடத்தில் இருக்கும், ஆனால் நாங்கள் கொண்டுசென்ற கோப்பைத் திறவாது. புதிதாக ஒன்றை நிறுவலாமென்றாலோ, அதற்குரிய கடவுச்சொல் தலைமையாசிரியரிடம் இருக்கும். தலைமையாசிரியர் வெளியூர் சென்றிருப்பார். இவ்வாறு அரைநாள் வீணாய்ப் போவது எங்கட்கு வழக்கமாயிற்று.

நம் முன்னோர் வழிப்பயணம் செய்த காலத்திற் கட்டுச்சோறு கொண்டு சென்றனர். வாழையிலையிற் பொதிந்த புளிச்சோறும் ஒரு துண்டு ஊறுகாயும் கையிலிருப்பின், போகும் ஊரிற் சத்திரம் உண்டோ இன்றோ என்னுங் கவலை அவர்க்கில்லை. ஒருவர் வீட்டுத் திண்ணையும் ஒரு செம்பு நீருமே அவர் வேண்டுவன. உண்டபின் இலையை எடுத்தெறிந்து, இடத்தைத் துடைத்துவிட்டு வழி நடப்பர். வீட்டினர்க்கு அவர் வந்ததும் சுமையன்று, போனதும் இழப்பன்று. அத்தகைய கட்டுச்சோறொன்று கணினிக்கும் உண்டென்பதை மூத்த தோழர் ஒருவர் வாயிலாக அறிந்தேன். பென் டிரைவிலிருந்தே இயங்கும் மென்பொருள்களே அவை.

அவை இயங்கும் முறையைச் சிறிது விளக்குதல் இன்றியமையாதது. ஒரு மென்பொருளைக் கணினியில் நிறுவுங்கால் அது பல இடங்களிற் காலூன்றுகின்றது. நிரல்களுக்குரிய கோப்புறையில் தன் பகுதிகளை வைக்கும். ரிஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் பதிவேட்டில் தன் குறிப்புக்களை எழுதும். பயனருடைய தனிக்கோப்புறையில் அவர்தம் விருப்பங்களைச் சேர்த்து வைக்கும். ஆதலின் அதனைப் பெயர்த்தெடுத்து வேறொரு கணினியில் வைப்பின் இயங்காது. பென் டிரைவுக்கென அமைந்த மென்பொருளோ தனக்கு வேண்டிய யாவற்றையும் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஒரு கணினியில் அந்த டிரைவுக்கு ஈ என்னும் எழுத்துக் கிடைக்கும். மற்றொன்றில் ஜி என்னும் எழுத்துக் கிடைக்கும். எது கிடைப்பினும் தன் பொருள்களைத் தான் இருக்கும் இடத்தினின்று கணக்கிட்டுத் தேடிக்கொள்ளும். வேலை முடிந்து மூடுங்கால், தான் விருந்துண்ட கணினியின் பதிவேட்டில் ஏதேனும் எழுதியிருப்பின் அதனையும் துடைத்துவிட முயலும்.

ஜான் டி. ஹாலர் என்பார் 2004-ஆம் ஆண்டிற் பயர்பாக்ஸ் உலாவியை இங்ஙனம் இயங்குமாறு அமைத்து வெளியிட்டார். அம்முயற்சியே பின்னர்ப் போர்ட்டபிள் ஆப்ஸ் என்னும் பெருந்தொகுதியாக வளர்ந்தது. யான் அத்தொகுதியை நான்கு ஜிகாபைட் கொள்ளளவுள்ள ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். எழுதவும் கணக்கிடவும் ஓப்பன் ஆபீஸ், இணையத்திற்குப் பயர்பாக்ஸ், கோப்புக்களைச் சுருக்கிப் பூட்ட செவன்-சிப், கடவுச்சொற்களைக் காக்க கீபாஸ்: இவை நான்கும் என் சட்டைப்பையில் அடங்கின. ஓப்பன் ஆபீஸ் திறப்பதற்குள் ஒரு குவளைத் தேநீர் அருந்தி முடிக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் எவர் தயவும் இன்றி வேலை நடந்தது. “நான் வந்து போன சுவடே உங்கள் கணினியில் இராது” என்று சென்றவிடமெல்லாம் பெருமையுடன் சொல்லித் திரிந்தேன்.

நிற்க. அவ்வாண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இரயிற்பாதையை ஒட்டிய ஒரு பள்ளிக்குத் தணிக்கைக்காகச் சென்றேன். முதல்நாள் மாலை, பேருந்து நிலையத்தை அடுத்த ஓர் இணையக் கடையில், பென் டிரைவைச் செருகி ஒரு கடிதத்தை அச்சிட்டிருந்தேன். பள்ளி அலுவலகத்திற் கணினி ஒன்றே இருந்தது. தலைமை எழுத்தர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மூன்றாண்டுப் பழக்கத்தால் யான் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பேன். அவர்க்குத் தட்டச்சில் உதவ, அப்பள்ளியிற் படித்து முடித்த இளைஞன் ஒருவன் நாட்கூலிக்கு அமர்த்தப்பட்டிருந்தான்.

என் பென் டிரைவைச் செருகியதும் தானே தோன்றவேண்டிய பட்டி அன்று தோன்றவில்லை. பள்ளிக் கணினி பழையது, அதன் குறையாகும் என்று கருதி, டிரைவின் படத்தின்மேல் இருமுறை சொடுக்கித் திறந்தேன். மாலைவரை வேலை செய்தேன். முறைப்படி மூடி, டிரைவைக் கழற்றிக்கொண்டு சென்றேன்.

மறுநாட்காலை யான் சென்றபொழுது அலுவலகம் கலங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டிய மாணவர் உதவித்தொகைப் பட்டியல் உட்பட, கணினியிலிருந்த கோப்புறைகள் யாவும் மறைந்துவிட்டன. அவற்றின் பெயரையும் உருவையும் பூண்ட போலிகள் மாத்திரம் அவ்விடங்களில் நின்றன. அண்ணாச்சி அவ்விளைஞனைச் சினந்துகொண்டிருந்தார். “பாட்டுக் கேட்கிறேன் என்று கண்ட கண்ட பென் டிரைவையெல்லாம் செருகாதே என்று எத்தனை முறை சொன்னேன்!” என்றார். அவன், “நான் எதையும் செருகவில்லை ஐயா” என்று மும்முறை சொன்னான். நான்காம் முறை சொல்லவில்லை. வாரக் கடைசியில் அவன் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுமாறு தலைமையாசிரியர் சொல்லிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

நண்பகலில் ஓர் ஐயம் என்னை அரித்தது. என் பென் டிரைவைச் செவன்-சிப்பின் கோப்புப் பட்டியல் வழியாகத் திறந்து நோக்கினேன். விண்டோஸ் மறைத்து வைக்கும் கோப்புக்களையும் அது காட்டிவிடும். ஆங்கே, ஆட்டோரன் என்னும் பெயருடைய கோப்பு, யான் வைத்தபடி இன்றி மாறியிருந்தது. டிரைவைத் திறந்தவுடன் யாது செய்யவேண்டும் என்று விண்டோஸிற்குச் சொல்லும் சிறு ஓலை அது. என் பட்டியைத் திறக்கச் சொல்லியிருந்த அவ்வோலையை நச்சுநிரல் ஒன்று அழித்து, தன்னைத் திறக்கச் சொல்லும் ஓலையை அங்கே வைத்திருந்தது. அதன்மேற் குறித்திருந்த நாளும் நேரமும் திங்கட்கிழமை மாலை ஏழு மணி. இணையக் கடையில் யான் அமர்ந்திருந்த நேரம். பள்ளியின் வாயிலை மிதிக்குமுன்னரே நோயைச் சட்டைப்பையிற் சுமந்து வந்தவன் யானே. இருமுறை சொடுக்கி அதனை உள்ளே புகுத்தியவனும் யானே.

உடனே எழுந்து உண்மையைச் சொல்லியிருத்தல் வேண்டும். சொன்னேனில்லை. தணிக்கை செய்ய வந்தவனே கேடு செய்தான் என்னும் பெயர் எங்கள் அலுவலகத்தை எட்டின் என் வேலை யாதாகும் என்று அஞ்சினேன். மாலையில் திருச்செந்தூரில் ஒரு விடுதிக்குச் சென்று படுத்தேன், உறக்கம் வரவில்லை. நச்சுநிரல்கள் எங்கும் பரவியிருக்கும் காலத்தில் அக்கணினிக்கு இன்றில்லாவிடின் நாளை நோய் வந்தேயிருக்கும் என்று எனக்குள் வாதிட்டேன். அவ்வாதத்தில் ஓரளவு உண்மையும் இருந்தது. 2008-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய கான்பிக்கர் என்னும் புழு, வலைப்பின்னல் வழியாகவன்றிப் பென் டிரைவுகளின் வாயிலாகவும் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. ஆயினும் உலகெங்கும் பரவும் நோய்க்கு அவ்விளைஞன் ஒருவன் கூலியிழப்பது எவ்வகையில் நேர்மை? என் உள்ளத்தை மிகவும் சுட்ட எண்ணம் வேறொன்று. சுவடு விடாமற் செல்பவன் என்று யான் பெருமை பேசினேனன்றோ? அச்சொல்லை நம்பியே என்மேல் ஒருவர்க்கும் ஐயம் எழவில்லை. என் சுவடு காணப்படாமையின், காணப்பட்டவன்மேற் பழி விழுந்தது.

வியாழக்கிழமை காலை, அலுவலகம் திறக்குமுன்னரே சென்று அண்ணாச்சியிடம் யாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரம் வாளாவிருந்துவிட்டு, “இதை என்னிடம் சொல்லி என்ன தம்பி? அவனிடம் சொல்லுங்கள்” என்றார்.

அவ்விளைஞன் மிதிவண்டியைச் சுவரிற் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். யான் சொல்வதைத் தலைகுனிந்து கேட்டான். பின்னர் ஒரே வினா வினாவினான்: “நேற்றே தெரியுமா சார்?”

“நண்பகலில் தெரியும்” என்றேன்.

அதன்மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் அருகில் அமர்ந்தான். இருவருமாகக் கணினியைச் செப்பஞ் செய்தோம். நற்பேறாக அந்நச்சுநிரல் கோப்புறைகளை அழிக்கவில்லை; அவற்றிற்கு மறைவு என்னும் பண்பையேற்றி ஒளித்துவைத்துப் போலிகளை முன்னிறுத்தியிருந்தது. நிரலின் இயக்கத்தை நிறுத்தி, போலிகளை நீக்கி, கட்டளைத் திரையில் மறைவுப் பண்பை எடுக்கும் ஒரு வரியைத் தட்டினோம். மறைந்தவை ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. அவ்வரியை அவன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். உதவித்தொகைப் பட்டியல் குறித்த நாளிற் சென்றது. அவனும் வேலையில் நின்றான். யான் விடைபெற்றபோது அண்ணாச்சி வாயில்வரை வந்தார், அவன் வரவில்லை. அதனை யான் குறையாகக் கருதவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் யான் வாய்மூடியிருந்ததை அவன் ஏன் மறத்தல் வேண்டும்?

எங்கள் அலுவலகத் தலைவரிடமும் யானே சொன்னேன். வேலை போகவில்லை, கடிந்துரை கிடைத்தது. அது தகுதியே.

அதன்பின் என் கட்டுச்சோற்றுப் பழக்கத்தைத் திருத்திக்கொண்டேன். ஆட்டோரன் என்னும் கோப்பின் பெயராலேயே ஒரு வெற்றுக் கோப்புறையை டிரைவில் அமைத்துவைத்தேன். ஒரே பெயரிற் கோப்புறையும் கோப்பும் ஓரிடத்தில் இருக்க இயலாமையின், எளிய நச்சுநிரல்கள் அதனாற் தடைப்படும். வல்லவை அதனையுங் கடக்கும் என்பதால், அதனை மாத்திரம் நம்பியதில்லை. கடைகளில் அச்சிடுதற்கெனத் தனியே ஒரு டிரைவை வைத்துக்கொண்டு, அலுவலக டிரைவை அங்கே செருகுவதை விட்டேன். ஒருவர் கணினியைத் தொடுமுன் அவரிடம் அனுமதி கேட்டு, டிரைவைச் சோதித்துவிட்டே தொடங்கினேன். கடவுச்சொற்களைப் பற்றியும் ஓர் அறிவு வந்தது. நம் மென்பொருள் எத்துணைத் தூயதாயினும், பிறர் கணினியின் விசைப்பலகையில் நாம் தட்டுவதை அக்கணினியிலுள்ள வேவுநிரல் படித்துக்கொள்ளக்கூடும். ஆதலின் வங்கிக் கணக்கைப் பிறர் கணினியில் திறப்பதில்லை. அன்றியும், சுவடே இராது என்னும் என் பெருமையும் பொய்யென அறிந்தேன். பென் டிரைவொன்று செருகப்பட்டது என்னுங் குறிப்பை விண்டோஸ் தன் பதிவேட்டில் எழுதிவைத்துக்கொள்கின்றது.

காலம் மாறிவிட்டது. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7, பென் டிரைவிலுள்ள ஆட்டோரன் ஓலைக்குச் செவிசாய்ப்பதை விட்டது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த திருத்தத்தால் பழைய விண்டோஸ்களும் அவ்வழக்கத்தைக் கைவிட்டன. இன்று பல அலுவலகங்கள் பென் டிரைவைச் செருகவே இடந்தருவதில்லை. கோப்புக்களைத் தொலைவிலுள்ள சேமிப்பகங்களில் வைத்து, கைபேசியிலேயே திறந்து பார்க்கின்றோம். எனினும் இணையம் எட்டாத ஊர்களும், நிறுவ இடந்தராத கணினிகளும் இன்னும் உள. அங்கெல்லாம் சட்டைப்பையிலுள்ள கட்டுச்சோறு இன்றும் பசி தீர்க்கின்றது. யானும் அதனை விடவில்லை.

மாணவ நண்பர்களே! நீவிரும் நாளை இத்தகைய கருவிகளைச் சுமந்து பிறர் இல்லங்கட்கும் அலுவலகங்கட்கும் செல்வீர்கள். புறப்படுமுன் டிரைவைச் சோதியுங்கள், ஒரு படியை வீட்டில் வைத்துச் செல்லுங்கள், பூட்டவேண்டியதைப் பூட்டுங்கள். இவை யாவும் கற்பிக்கக்கூடியன. சென்றவிடத்திற் கேடு நேரின், அது உம்மால் நேர்ந்ததென்று அறிந்த அப்பொழுதே சொல்லிவிடுங்கள். யான் மறுநாட் சொன்னேன். “நேற்றே தெரியுமா சார்?” என்னும் அவ்வினா, பென் டிரைவைக் கையிலெடுக்கும்போதெல்லாம் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.