இரண்டு பேர் மடிக்கும் கூரை

டாப் திறக்கிற கார் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு அறுபதுகளின் சினிமாதான் ஞாபகம் வரும். கதாநாயகன் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுவார். பக்கத்தில் கதாநாயகியின் சேலைத் தலைப்பு பறக்கும். அந்த டாப்பை யார் இறக்கினார்கள், மழை வந்தால் யார் ஏற்றினார்கள் என்று எந்தப் படத்திலும் காட்டியதில்லை. இன்று அந்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவில் அப்படி ஒரு கார் நிற்கிறது. துணி டாப் வைத்த மோரிஸ் மைனர். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவருடையது. என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பழக்கம் மாறவில்லை.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். துணி டாப்புக்கு பிரெஞ்சில் 'கபோத்' என்று பெயர். எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவரிடம் சித்ரோயன் 'தெ ஷ்வோ' வண்டி இருந்தது. இரண்டு குதிரை என்று அர்த்தம். அதன் கூரை முழுக்கத் துணி. பாயைச் சுருட்டுவதுபோல முன்னாலிருந்து பின்னால் சுருட்டி வாரால் கட்டிவிடுவார். உழுத வயலில் முட்டைக் கூடையோடு போனாலும் ஒரு முட்டை உடையக்கூடாது என்பது அந்த வண்டியைச் செய்தவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. துணிக் கூரை போட்டதால் எடை குறைந்தது, விலையும் குறைந்தது, உயரமான சாமான்களையும் ஏற்ற முடிந்தது. குடியானவனின் வசதிக்காக வந்த துணி அது.

மோரிஸ் மைனரின் துணி வேறு ரகம், காற்று வாங்குவதற்கென்று வைத்தது. ஆனாலும் இரண்டு கார்களும் ஒரே மாதத்தில் கண்காட்சிக்கு வந்தவை. 1948 அக்டோபரில் தெ ஷ்வோ பாரீஸில், மைனர் லண்டனில். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பிறகு 1959-ல் வந்த மினி காரையும் வடிவமைத்தவர். தெ ஷ்வோ உற்பத்தி 1990 வரை நடந்தது. மைனரின் திறந்த டாப் வகை 1969-லேயே நின்றுவிட்டது.

இனி வேலைக்கு வருவோம். அண்ணன் வகுத்த முறை இது. முதலில் துணியை உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் அன்றைக்கு டாப் இறங்காது. ஈரத்தோடு மடித்தால் மடிப்புக்குள் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறுப்புப் புள்ளிகள் பிறகு லேசில் போகாது. ஏற்காட்டில் மூடுபனியில் நனைந்த நாட்களில், எவ்வளவு நல்ல வெயில் அடித்தாலும் டாப்பை மூடியபடியே இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீடு வருவார்.

ஈரம் இல்லையென்றால், வண்டியை மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, கதவுக் கண்ணாடிகளை இறக்க வேண்டும். முன் கண்ணாடிச் சட்டத்தின் மேலே இடம் ஒன்று, வலம் ஒன்றாகக் கொக்கிகள் இருக்கும். இரண்டையும் விடுவித்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் ஆளுக்கொரு பக்கம். "ஆச்சுங்களா சார்?" என்பார். "ஆச்சுண்ணே" என்ற பிறகுதான் அவர் கை நகரும்.

பின்னால் சாயும்போது கம்பிகளுக்கு நடுவே துணி சிக்கும். அதை விரலால் வெளியே இழுத்துவிட்டுக்கொண்டே போக வேண்டும். துணி கிழிவது பெரும்பாலும் மழையாலும் வெயிலாலும் அல்ல, அந்தக் கம்பி மூட்டில் கடிபட்டுத்தான். பின்பக்கத்தில் தைத்திருப்பது கண்ணாடி அல்ல, வளைகிற பிளாஸ்டிக். அதன்மேல் பழைய பருத்தித் துண்டு ஒன்றை விரித்து மடித்தால் கீறல் விழாது. கடைசியாக உறையைப் போட்டு டிச் பட்டன்களை அழுத்தினால் முடிந்தது.

பராமரிப்பும் சிக்கலானதல்ல. மென்மையான பிரஷ், லேசான சோப்புத் தண்ணீர், பிறகு நிறைய நல்ல தண்ணீர், நிழலில் காயவைத்தல். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகக் கூடாது. காக்கை எச்சத்தை அன்றைக்கே கழுவிவிட வேண்டும். தையல் வழியாக நீர் கசிந்தால் தேன்மெழுகைத் தேய்க்கலாம். ஓட்டாமல் பல மாதம் நிறுத்தினால் டாப்பை ஏற்றியே வைக்க வேண்டும். மடித்தே கிடந்தால் துணி சுருங்கிப்போய், பிறகு இழுத்தாலும் முன் சட்டத்துக்கு எட்டாது.

போன வருஷம் அண்ணனுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகன் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றான். பார்க்க வந்த ஒரு தரகர், "துணியெல்லாம் எதுக்குங்க, தகரக் கூரை போட்டு வெல்டு வெச்சுட்டா ஒரு தொல்லையும் இல்லை, நானே நல்ல விலைக்குத் தள்ளிவிடறேன்" என்றார். அண்ணனுக்குப் பேச்சும் அப்போது தெளிவாக வரவில்லை. இடது கையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். மகன் என்னைப் பார்த்தான். "தம்பி, இந்த வருஷம் இருக்கட்டும், டாப்பை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கும் முழங்கால் வலி உண்டு. ஆனால் இந்த வேலைக்கு பலம் வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும். அரசாங்கக் கோப்புகளோடு இருந்தவனுக்கு அதில் குறைவில்லை.

இப்போது பட்டறையில் வேலை பார்க்கும் பையன் வலப்பக்கம் நிற்கிறான், நான் இடப்பக்கம். கொலுசுக்குக் கண்ணி கோக்கிற விரல்கள் அவனுக்கு, கம்பிக்கு நடுவே சிக்கிய துணியை என்னைவிட வேகமாக எடுத்துவிடுகிறான். அண்ணன் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பையன் அவசரப்பட்டால் கைத்தடியால் தரையைத் தட்டுவார், நாங்கள் இருவரும் நின்றுவிடுவோம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் தையல்களுக்கு மெழுகு தேய்த்துவிட வேண்டும். பையனிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான்.