புலுனிகளின் காவல்

விடுமுறை நாட்களில் வீட்டுப் பின்வளவில் புலுனிக் கூட்டத்தைப் பார்த்திருப்பது எமது வழக்கம். ஏழெட்டுக் குருவிகள் மாமரத்தின் கீழ்ச் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். ஒன்று மாத்திரம் இரை நாடாது, உயர்ந்த கிளையில் அமர்ந்து நாற்றிசையும் நோக்கும். வல்லூறு தென்பட்டதும் அது கீச்சிடும். கணப்பொழுதில் யாவும் பற்றைக்குள் மறையும். பின்னர் வேறொன்று காவலுக்கு வரும்.

கூட்டமாக வாழும் உயிர்கள் அடையும் பெருநன்மை இதுவாகும். தனித்த பறவை அடிக்கடி தலை நிமிர்த்திப் பார்த்தே இரை பொறுக்க வேண்டும். துணை பெருகப் பெருக ஒவ்வொன்றும் நிமிரும் நேரம் குறைகின்றது. ஆயினும் ஏதோவொரு கண் விழித்திருக்கும். புல்லியம் என்னும் அமெரிக்க அறிஞர் 1973இல் இதனைக் கணித முறையில் விளக்கினார். கென்வேட் என்பார் பழக்கிய பெரிய வல்லூறொன்றை இங்கிலாந்தின் காட்டுப்புறாக்கள்மீது ஏவிக் கண்டவற்றை 1978இல் வெளியிட்டார். தனிப்புறாமீது பாய்ந்தபோது அது பெரும்பாலும் வென்றது. 50க்கு மேற்பட்ட கூட்டத்திலோ, பத்துப் பாய்ச்சலில் ஒன்றுகூடத் தேறவில்லை. பெருங்கூட்டம் பகையைத் தொலைவிலேயே கண்டு எழுந்துவிட்டது.

இவற்றையெல்லாம் மாணவருக்குப் பல்லாண்டு கற்பித்தோம். ஆனால் இதன் மறுபக்கத்தை ஓர் ஆடிப்பிறப்பன்றுதான் நாம் கற்றோம்.

அன்று வீடு நிறைய உறவினர். கூழும் கொழுக்கட்டையும் பரிமாறப்பட்டன. எமது மூன்று வயது மகள் முற்றத்தில் விளையாடினாள். மனைவி பார்க்கிறாள் என்று நாம் எண்ணினோம். அக்கா பார்க்கிறா என்று மனைவி எண்ணினாள். அக்காவோ எம்மை நம்பியிருந்தா.

"ஐயோ, பிள்ளை கிணத்துக்கட்டிலை!"

திண்ணையிலிருந்து ஆச்சி அலறிய பின்னரே ஓடினோம். மகள் தாழ்ந்த கட்டின்மேல் வயிறு பட நீட்டிப் படுத்து, தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாள். காலைப் பற்றி இழுத்தெடுத்தபோது எமது கைகள் நடுங்கின.

தாய் தனித்திருக்கும் நாட்களில் அவள் பார்வையைத் தாண்டிப் பிள்ளை ஓரடி வைத்ததில்லை. அன்றோ முப்பது கண்கள் இருந்தும், எல்லாம் குனிந்திருந்தன. புலுனிகள் கவலையின்றிக் குனிவது கூட்டம் பெரிது என்பதனால் மட்டுமன்று. கிளையில் ஒன்று உண்மையாகவே இருப்பதனால்தான்.

திரும்பி வந்து பார்த்தோம். ஆச்சியின் கூழ் தொடப்படாமல் ஆறிக் கிடந்தது.

அன்று முதல் எமது வீட்டு விசேடங்களில் பந்திக்கு முன்னர் ஒரு கேள்வி எழும்: "இப்ப ஆர் காவல்?" ஒருவர் பெயர் சொல்லப்பட்ட பின்னரே நாம் இலைக்கு முன் அமருவோம்.