ஈ.சி.ஆர். வேண்டாம் சார்!

சென்னையில் யாரிடமாவது போய், "சைக்கிள் விடணும், நல்ல ரோடா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, "ஈ.சி.ஆர்." என்பார்கள். நம்பாதீர்கள்! 2002-ல் டோல்கேட் சகிதம் திறந்ததிலிருந்தே அது கார்காரர்களின் ராஜ்ஜியம். அதிலும் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணி இருக்கிறதே... பாண்டிச்சேரியிலிருந்து கூத்தடித்துவிட்டுத் திரும்புகிற காரும், கூத்தடிக்கக் கிளம்புகிற காரும் எதிரும் புதிருமாகப் பறக்கிற நேரம். நடுவில் நீங்கள், பத்து கிலோ சைக்கிள்மேல், பளபள மஞ்சள் சட்டையில்.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் ஒருவரை போன வருஷம் அந்த ரோட்டில் ஒரு கார் கண்ணாடி உரசிக்கொண்டு போனது. கார் நிற்கவில்லை. நண்பருக்கு இடது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த அன்றைக்கே வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. "ஒண்ணு, சைக்கிளை வித்துடுங்க. இல்லே, ஈ.சி.ஆர். பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க!" மனைவி சொன்னதில் தப்பில்லை. கைக்குழந்தை வேறு இருக்கிறது.

மனுஷர் சைக்கிளைத் துணி போட்டு மூடிவிட்டு மொபைலில் படம் பார்த்து ஏங்க ஆரம்பித்துவிட்டார். ஃபிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில் லாந்த் என்று ஒரு பிரதேசம். கடலை ஒட்டி சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் பைன் காடு. அதற்குள் சைக்கிளுக்கென்றே போட்ட பாதைகள். ஹாரன் சத்தம் கிடையாது, லாரி கிடையாது. மரம், மணல், கடைசியில் அட்லாண்டிக் சமுத்திரம். "நமக்கு ஏது சார் அந்தக் கொடுப்பினை?" என்றார், கேன்டீன் போண்டாவைப் பிய்த்தபடி.

அந்தக் காடு ஒன்றும் ஆதிகாலத்துக் காடு இல்லை. ஒரு காலத்தில் அது வெறும் சதுப்பு நிலம். ஆடு மேய்க்கிறவர்கள் பொய்க்கால் கட்டிக்கொண்டு நடந்த பூமி. 1857-ல் ஒரு சட்டம் போட்டு, தண்ணீரை வடித்து, பைன் மரமாக நட்டுத் தள்ளினார்கள். நம் கடற்கரைச் சவுக்குத் தோப்பும் அதே நூற்றாண்டு சமாசாரம்தான். ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டும் என்று வெள்ளைக்காரன் நட ஆரம்பித்தது. அவர்கள் காட்டுக்குள் சைக்கிள் பாதை போட்டார்கள். நாம் சவுக்கை வெட்டி ரிஸார்ட் கட்டினோம். அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லி அவரைச் செங்கல்பட்டுக்குக் கிளப்பினேன்.

ஏன் செங்கல்பட்டு? கடலுக்குப் போக வடக்கேயிருந்து கடலோரமாகத்தான் இறங்க வேண்டும் என்று யார் சொன்னது? மேற்கேயிருந்து போகலாமே! செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். அங்கிருந்து மாமல்லபுரம் இன்னொரு பதினைந்து. மொத்தம் முப்பதுக்குள். ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தொப்பை உள்ளவர்களும் வரலாம்.

விடியற்காலை எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய் இறங்கினோம். செங்கல்பட்டில் இருக்கும் கல்லூரித் தோழன் வீட்டில் இரண்டு சைக்கிள் தயாராக இருந்தது. ஊர் நெருங்கும்போதே ஜன்னல் வழியாகக் கொளவாய் ஏரி விரிகிறது பாருங்கள், அப்போதே பாதி அலுப்பு போய்விடும். ஏரிகளின் மாவட்டம் என்று இதற்குப் பேர். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். பேருக்குப் பஞ்சமில்லை, மழை ஒழுங்காகப் பெய்த வருஷம் தண்ணீருக்கும் பஞ்சமில்லை.

ஊரை விட்டு வெளியே வந்ததும் முதல் நிறுத்தம் வல்லம். மூன்று கிலோமீட்டரில் பாறையைக் குடைந்து ஒரு சின்னக் குகைக் கோயில். மகேந்திரவர்ம பல்லவனின் கீழ் இருந்த வசந்தப்பிரியராசர் மகன் கந்தசேனன் செய்வித்தது என்று கல்வெட்டு இருக்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. கூட்டமா? நாங்கள் இரண்டு பேர், ஒரு ஆடு.

அதற்கப்புறம்தான் விஷயமே. ரோடு கிழக்கே திரும்பி, இரண்டு பக்கமும் கரட்டுக் குன்றும் புதர்க்காடுமாகப் போகிறது. ஆறு மணி வெளிச்சம். நண்பர் முதல் பத்து நிமிஷம் நொடிக்கொரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அடி பட்டவர், பார்க்கத்தான் செய்வார். பின்னால் ஒன்றும் வரவில்லை. ஒரு பால்காரர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் எங்களைத் தாண்டிப் போய், "எங்கே போறீங்க தம்பி, மகாபலிபுரமா? பஸ் இருக்கே!" என்று அனுதாபப்பட்டார். வயலிலிருந்து சேற்று வாசனை. எங்கோ மயில். கொஞ்ச நேரத்தில் நண்பர் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பெடல் சத்தமும் செயின் சத்தமும் தவிர வேறு சத்தமே இல்லாமல் ஒரு நாலு கிலோமீட்டர். இதற்காகத்தானய்யா ஃபிரான்ஸ் போகிறார்கள்!

நான் ஒன்றும் அளக்கவில்லை. இது லாந்த் காட்டுப் பாதை மாதிரி சைக்கிளுக்கென்று போட்டது கிடையாது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து காஞ்சிபுரம் வழியாகத் திருத்தணி வரை போகிற மாநில நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. எட்டு மணிக்கு மேல் கல்பாக்கம் பஸ், ஜல்லி லாரி, கல்யாண வேன் எல்லாம் ஆஜராகிவிடும். அமைதி என்பது இங்கே இடத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. எட்டுக்குள் திருக்கழுக்குன்றம் போய்விட வேண்டும்.

போய்விட்டோம். இட்லி, வடைகறி. பிறகு மலை. ஐந்நூற்றுச் சொச்சம் படி. மேலே வேதகிரீஸ்வரர். முன்பெல்லாம் உச்சிவேளையில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். காசியில் குளித்து ராமேஸ்வரத்துக்குப் போகிற வழியில் இங்கே சாப்பாடு என்று ஐதீகம். பறவை ஆராய்ச்சிக்காரர்கள் மஞ்சள்முகப் பாறு என்பார்கள். 1990-களில் வரத்து குறைந்து பிறகு நின்றே போய்விட்டது. நாடு முழுக்கப் பாறுகள் செத்து விழுந்த காலம் அது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவைக்கு எமனானது. 2006-ல் மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்துக்குத் தடை வந்தது. கழுகுக்குப் பதில் இப்போது குரங்குகள். பொங்கல் என்றில்லை, கூலிங் கிளாஸையும் பிடுங்கிக்கொள்கின்றன.

வழியில் ஒருகல் மண்டபம் பார்க்கத் தவறாதீர்கள். சுவரில் டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் கிறுக்கிவிட்டுப் போன பேர்கள் இருக்கின்றன. சதுரங்கப்பட்டினம் கோட்டையிலிருந்து பிக்னிக் வந்த கும்பல். பாறையில் காதலி பேர் எழுதுகிற நம் பையன்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை!

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நிலம் இன்னும் தட்டையாகி, காற்றில் உப்பு ஏறுகிறது. காற்று என்றதும் ஒரு ரகசியம். மாசி மாதத்தில் காலையில் லேசான தரைக்காற்று மேற்கேயிருந்து கடலுக்கு வீசும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடல்காற்று எதிர்த்திசையில் கிளம்பும். காலையில் கடலுக்குப் போய் மத்தியானத்துக்கு மேல் செங்கல்பட்டுக்குத் திரும்பினால் இரண்டு தடவையும் காற்று முதுகில்! ஆபீஸில் கூட இப்படி இரண்டு பக்கமும் சாதகமான மேனேஜர் கிடைக்க மாட்டார்.

பூஞ்சேரி கூட்டு ரோடு வந்தது. குறுக்கே... ஈ.சி.ஆர்.!

நண்பர் பிரேக்கைப் பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக. "வீட்டுல ஈ.சி.ஆர்.ல போக மாட்டேன்னு சொல்லியிருக்கேன் சார்."

"குறுக்கே கடக்கறது போறதாகுமா?"

அக்கவுண்ட்ஸ்காரர் இல்லையா, ஒரு நிமிஷம் யோசித்தார். "ஆகாது. அது வெறும் கான்ட்ரா என்ட்ரி."

இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு பஸ் நிற்கிற சமயம் பார்த்து அதன் மறைவில் கடந்தோம். மணிக்கட்டு நடுங்கியதைப் பார்த்தேன். அந்தப் பக்கம் போனதும் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்கு போன் பண்ணி, நடந்ததை நடந்தபடி சொன்னார். கான்ட்ரா என்ட்ரி உள்பட. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வரும்போதும் தள்ளிக்கிட்டே வாங்க" என்று உத்தரவு வந்தது.

மாமல்லபுரம் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. நீங்கள் ஸ்கூல் டூரிலேயே பார்த்தாயிற்று. கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

மெயின் ரோட்டில் எங்கே பார்த்தாலும் அகலப்படுத்துகிற வேலை. தெற்கே பாண்டிச்சேரி வரை நான்கு வழியாக்கத் தொடங்கிவிட்டார்கள். கார் வேகம் இன்னும் ஏறும். அதில் சைக்கிளுக்கென்று ஒரு முழம் தனியாகத் தடுத்துக் கொடுங்கள் என்று கேட்க நமக்கு ஒரு சங்கம் கூட உருப்படியாக மெயின் ரோட்டுக்கு வந்து குரல் கொடுப்பதாகத் தெரியவில்லை. குறுக்கு ரோடுகள் இருக்கிற வரைக்கும் சுற்றிவிடுவோம்.

அடுத்த மாதம் சதுரங்கப்பட்டினம் போவதாகத் திட்டம். திருக்கழுக்குன்றத்தில் தெற்கே ஒதுங்கினால் போதும். மஸ்லின் துணி ஏற்றுமதி செய்த டச்சுக் கோட்டை, உள்ளேயே கல்லறைகள். அதற்கு எதிரே கடலில்தான் 1782 பிப்ரவரி 17-ம் தேதி ஃபிரெஞ்சுக்காரர் சூஃப்ரனும் ஆங்கிலேயர் ஹியூஸும் கப்பல் கப்பலாகச் சுட்டுக்கொண்டு, யாருக்கும் ஜெயம் இல்லாமல் கலைந்து போனார்கள். ஃபிரான்ஸுக்குப் போக முடியாவிட்டால் என்ன, ஃபிரான்ஸ்காரன் வந்த இடத்துக்காவது போவோம் என்கிறார் நண்பர்.

கிளம்புகிறவர்கள் ஒரு ட்யூபும் காற்றடிக்கிற பம்ப்பும் கையோடு எடுத்துப் போங்கள். திருக்கழுக்குன்றம் தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் கடை திறப்பது கடைக்காரர் அண்ணனின் மூடைப் பொறுத்தது!